இருபத்து மூன்று சிவப்பு வட்டங்கள்

ஜெயசீலி டீச்சர் என் தாளை நீட்டியபோது எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. சிவப்புதான் பட்டது. அம்மை போட்ட பிள்ளையின் முதுகு மாதிரி தாள் முழுக்கச் சிவப்பு வட்டங்கள்.

மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தேன். அதற்குள் பெஞ்சின் மறுமுனையிலிருந்து தேசப்பன் எட்டிப் பார்த்துவிட்டான்.

“இன்னாண்ணா இது? வேபிரிட்ஜாண்ட லாரில கீரில மாட்டிகிச்சா? தாளு பூரா ரத்தமா கீது!”

தேசப்பனுக்கு அம்மையார்குப்பத்தில் நான்கு பவர்லூம்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி, அவன் ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். வகுப்பில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிவதற்கு அங்கே அதிக தூரமில்லை. பெரியவர்களுக்கான எங்கள் கட்டுரை வகுப்பு நடந்தது சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஞாயிறு பள்ளி அறையில். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து பாட்டுப் படிக்கிற பெஞ்சுகள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும்.

ஆடிக் கிருத்திகை முடிந்த முதல் ஞாயிறு. கூட்டம் வடிந்துவிட்டது. காவடிகளிலிருந்து உதிர்ந்த பூ தார்ச்சாலையில் ஒட்டி, அதன்மேல் பஸ் ஏறி ஏறி, ஊர் முழுக்கப் புளித்த சாமந்தி வாசனை. ஜன்னல் வழியாக அது வகுப்புக்குள்ளும் வந்துகொண்டிருந்தது. இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொடுகிறது.

தாளின் தலையில் ஒரு சிறு சீட்டு குத்தியிருந்தது. பொருள்: இருபதுக்குப் பன்னிரண்டு. ஒழுங்கு: பத்துக்கு ஆறு. மொழி: பத்துக்கு இரண்டு. பிழையின்மை: பத்துக்குப் பூஜ்யம். ஆக மொத்தம் ஐம்பதுக்கு இருபது. தேறுவதற்கு இருபத்தைந்து வேண்டும்.

வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லா வட்டத்துக்குள்ளும் ஒரே சொல். நைனா.

ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்வி: ‘பெற்ற தகப்பனை இப்படிக் கிண்டலாக எழுதலாமா?’

வாயும் பேனாவும்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. திருத்தணி பைபாஸ் பக்கம் ஒரு எடைமேடையில், ஊர் வாயில் வேபிரிட்ஜில், வேலை செய்கிறேன். லாரி சரக்கோடு ஏறும், எடை போடுவேன். காலியாகத் திரும்பி வரும், மறுபடி போடுவேன். கழித்தால் சரக்கின் எடை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி நான் பேச வேண்டிய வார்த்தைகள் மூன்றுதான். ‘ஏத்து’, ‘நிறுத்து’, ‘எறக்கு’. எனக்கென்றே கடவுள் செய்து வைத்த வேலை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எழுத்து என்னை விடவில்லை. வீணாய்ப் போன எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதி வைப்பேன். மழை பெய்தது, ஒரு டிரைவர் அழுதார், கரும்பு லாரிமேல் ஒரு குரங்கு வந்தது, இப்படி. ஒரு நாள் என் மனைவி ராணி சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து அந்தச் சீட்டுகள் கொத்தாக வந்தன. அவள் எல்லாவற்றையும் படித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறு வாரமே சர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

“ஞாயித்துக்கெழமை மதியானம் கட்டுரை எழுத சொல்லித் தர்றாங்களாம். யார் வேணா சேரலாமாம். உன் பேரக் குட்த்துட்டு வந்துட்டேன்.”

“என்னால முடியாது. எல்லாம் படிச்சவங்களா இருப்பாங்க.”

“வாயத்தான் தெறக்க மாட்ட. பேனாவாச்சும் தெறயேன்.”

அப்படித்தான் போனேன்.

டப்பாவுக்குள் நம்பர்

ஜெயசீலி டீச்சர் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். நாற்பது வயதிருக்கும். சத்தமே போட மாட்டார். ஆனால் அவர் வகுப்பில் மார்க் போடும் முறை என்றாலே எங்கள் எல்லோருக்கும் பயம். ஏனென்றால் மார்க் போடுவது அவர் இல்லை. நாங்கள்.

முதல் நாளே ஒரு பிஸ்கட் டப்பாவில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். எனக்குப் பதினான்கு வந்தது. அதற்குப் பிறகு தாளில் பெயர் கிடையாது, நம்பர்தான். வீட்டில் எழுதி, உறையில் போட்டு டீச்சரிடம் கொடுக்க வேண்டும். அவர் யாருடையதை யாருக்கோ மாற்றிக் கொடுப்பார். யார் தாள் என்று நமக்குத் தெரியாது. நம் தாள் யாரிடம் போனது என்றும் தெரியாது. ஒரு வாரம் வைத்திருந்து, படித்து, நான்கு தலைப்பில் மார்க் போட்டு, காரணத்தையும் ஓரத்தில் எழுதித் தர வேண்டும். பிழை ஒன்றுக்கு அரை மார்க் போகும்.

“காரணம் எழுதாம குறைக்கக் கூடாது,” என்பார் டீச்சர். “நீங்க ஒரு மார்க்க எடுத்தீங்கன்னா, எதுக்காக எடுத்தீங்கன்னு அவங்களுக்குச் சொல்லணும்.”

மொத்தம் ஆறு கட்டுரைகள். நான்கில் தேறினால் அடுத்த ஆறு மாத வகுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் அதோடு சரி.

முதல் கட்டுரையில் நான் தேறினேன். இரண்டாவதில் விழுந்தேன். அதில் ‘போய்கினு இருந்தேன்’, ‘பார்த்துகினு வந்தேன்’ என்று எங்கள் பேச்சு அப்படியே இறங்கிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அத்தனையையும் அடித்துப் பக்கத்தில் ‘கொண்டு’ என்று எழுதியிருந்தார். நான் மிரண்டு போய் மூன்றாவது கட்டுரையில் கண்ட இடத்திலெல்லாம் ‘கொண்டு’ போட்டேன். ‘பையைக் கொண்டு வந்துகொண்டு கொடுத்துக்கொண்டு போனார்’ என்று ஒரு வரி. அதிலும் விழுந்தேன். நான்கும் ஐந்தும் தேறிவிட்டேன்.

ஆக, கையில் மூன்று. மிச்சமிருந்தது ஆறாவது. அதுதான் இந்தச் சிவப்புத் தாள்.

ஆறாவதின் தலைப்பு: ‘ஒருவருடைய கைகள்’.

நான் என் அப்பாவின் கைகளை எழுதினேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். திருத்தணி, ஆர்.கே.பேட்டைப் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். நைனா அரக்கோணம் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை இறக்கியவர். மணவூரிலிருந்து காலை ரயிலில் போவார், சாயங்கால ரயிலில் வருவார். சிமெண்ட் தின்ற உள்ளங்கை, பாளம் பாளமாக வெடித்திருக்கும். கோடையில் எனக்கு முதுகு முழுக்க வேர்க்குரு வரும். நான் சுவரில் முதுகைத் தேய்ப்பேன். ‘சொறியாதடா, புண்ணாயிடும். இங்க வா’ என்று நைனா உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். நகம் படாது. வெறுமே தடவினாலே போதும், அரிப்பு அடங்கிவிடும். அவ்வளவு சொரசொரப்பு.

இதைத்தான் எழுதினேன். எழுதும்போது முதுகு சிலிர்த்தது. இது தேறிவிடும் என்று நம்பினேன்.

நான் மார்க் போட்ட லட்சணம்

அதே வாரம் எனக்கும் ஒரு தாள் வந்திருந்தது. நம்பர் ஏழு.

மார்க் போடும்போது நான் வேறு ஆளாகிவிடுவேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராணி எனக்கென்று சிவப்புப் பேனா வாங்கி வந்திருந்தாள். எடைமேடையின் கண்ணாடி அறையில், லாரி வராத மதிய நேரத்தில், அந்த மூடியைத் திறந்தால் முதுகு தானாக நிமிரும். ஐந்தாம் வகுப்புப் படித்தவனிடம் ஒருவர் எழுத்து நியாயம் கேட்டு வந்திருக்கிறதே.

ஏழாம் நம்பர் தாளில் ‘ஐயாவின் கைகள்’ என்று தலைப்பு.

‘உப்பளத்திலிருந்து ஐயா வரும்போது அவர் கைகள் வெள்ளை வெளேரென்று இருக்கும்’ என்று தொடங்கியது. நல்ல கையெழுத்து. சின்னச் சின்னப் பிழை பன்னிரண்டு, அது போகட்டும். ஆனால் படிக்கப் படிக்க எனக்குச் சூடு ஏறியது.

‘ஐயா வந்து உட்கார்ந்ததும் நான் ஓடிப்போய்க் கால் பிடித்துவிடுவேன்.’

‘ஐயா சாப்பிட்டு மிச்சம் வைத்த தட்டில்தான் நான் சாப்பிடுவேன். அதற்கு எனக்கும் தம்பிக்கும் சண்டை வரும்.’

‘ஐயா அடித்தாலும் எனக்குக் கோபம் வராது.’

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் பக்கம் ஐயா என்றால் நிலக்காரர், முதலாளி, ஆபீசர். நைனா காலத்தில் மூட்டை எண்ணுகிற கணக்குப்பிள்ளையை ஐயா என்பார்கள். உப்பளத்து முதலாளி ஒருவர், வேலையே செய்யாத வெள்ளைக் கை, அவர் காலைப் பிடித்து எச்சில் தட்டில் சாப்பிடும் பிள்ளைகள். இதை ஒருவர் பெருமையாக வேறு எழுதுகிறார்!

பொருளுக்கு இருபதில் நான்கு போட்டேன். ஒழுங்கு ஏழு, மொழி ஏழு, பிழையின்மை நான்கு. மொத்தம் இருபத்திரண்டு. ஓரத்தில் அழுத்தி எழுதினேன்: ‘இந்தக் காலத்திலும் முதலாளியை இப்படிப் புகழலாமா? உங்களுக்கு ரோஷம் இல்லையா?’

எழுதிவிட்டு டீ குடித்தேன். நன்றாக இருந்தது.

குழாயடி

இப்போது மறுபடி ஞாயிறு பள்ளி அறைக்கு வருகிறேன். மடியில் சிவப்புத் தாள். இருபது மார்க்.

இதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. முறையீடு. மார்க் தவறு என்று நினைப்பவர் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசலாம். வகுப்பு கேட்டுவிட்டுக் கை தூக்கும். பாதிக்கு மேல் கை எழுந்தால், மார்க் போட்டவரே திரும்பப் படித்து மறுபடி மார்க் போட வேண்டும்.

எழுதித் தரலாமா என்று முன்பே ஒருமுறை டீச்சரைத் தனியாகக் கேட்டிருக்கிறேன். “இல்லைங்க முனிரத்தினம். எழுதினது போதும். அதுக்காக நீங்கதான் வாயைத் திறக்கணும்,” என்று சிரித்தார்.

மூன்று நிமிடம்! எனக்கு மூன்று வார்த்தைக்கு மேல் கூட்டத்தில் வராது. ‘வேணாம், போகட்டும்’ என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. அது ஏற்கெனவே ஒருமுறை என்னைப் பெரிதாகக் கெடுத்திருக்கிறது.

ஐந்தாவது முடித்த கோடையில் நைனா என்னை ஆறாவதில் சேர்க்கப் பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்குக் கூட்டிப் போனார். கூட்ஸ் ஷெட்டிலிருந்து பாதி வேலையில் கிளம்பி வந்திருந்தார். பள்ளி ஆபீஸில் சிவப்புச் சிமெண்ட் தரை, கண்ணாடி மாதிரி. நைனா அதைப் பார்த்தார், சிமெண்ட் படிந்த தன் காலைப் பார்த்தார். “நீ உள்ள போய் நில்லு. நான் கால் கழுவிகினு வந்துர்றேன்,” என்று குழாயடிக்குப் போனார்.

நான் போய் நின்றேன். மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

“யார் கூட வந்த? அப்பா வந்திருக்காரா?”

ஆங் என்று சொல்லியிருக்கலாம். திரும்பி ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. வாய் வரவில்லை. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் அந்தத் தரையில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஊமையா? போ, அப்பாவக் கூட்டிகினு நாளைக்கு வா,” என்று நோட்டை மூடினார்.

வெளியே வந்தேன். நைனா ஒரு காலைக் கழுவி முடித்து இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா ஆச்சி?”

“நாளைக்கி வரச் சொன்னாங்க.”

மறுநாள் ஷெட்டுக்குச் சிமெண்ட் வேகன் வந்துவிட்டது, நைனாவால் வேலையை விட்டு வர முடியவில்லை. அதற்கு மறுநாளும். அப்படியே வாரம் போனது, பள்ளி திறந்தது, நான் ஒரு நெல் மண்டியில் தராசுக்குப் படிக்கல் எடுத்து வைக்கப் போய்விட்டேன். உள்ளே நடந்ததை நைனாவிடம் சொல்லவே இல்லை. ‘அந்த ஆபீஸ்காரன் அலைய வுட்டுட்டான்’ என்றே அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாழ்க்கையில் ஒரு வகுப்பையாவது முழுசாக முடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த ஆசை இப்போது மடியில் இருபது மார்க்கோடு உட்கார்ந்திருந்தது.

மூன்று நிமிடம்

“முறையீடு இருக்கறவங்க?” என்று கேட்டார் டீச்சர்.

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தேன். எழுந்திரு, எழுந்திரு என்று எனக்கே சொன்னேன். அதற்குள் முன் வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்.

செல்வக்கனி. எங்கள் ஊர்த் தபால் ஆபீஸில் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், மாற்றலாகி இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையில் இருந்த தாளை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

“நான் ஏழாம் நம்பரு டீச்சர். எம் மார்க்கு போனாப் போகட்டும். ஆனா எங்க ஐயாவ மொதலாளின்னு எழுதிருக்காவ. எனக்கு ரோஷம் இல்லையான்னு வேற கேட்டுருக்காவ.”

நான் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே அழுத்தினேன்.

“எங்க ஊருப் பக்கம் பெத்த அப்பாவத்தான் ஐயாங்கிறது. எங்க ஐயா உப்பளத்துல கூலிக்கு உப்பு வாருனவரு. கையி ஏன் வெள்ளையா இருக்கும்? உப்புப் பூத்துப் போயி இருக்கும். அவரு மொதலாளியா இருந்தா நான் எதுக்கு இங்க வந்து தபாலுக்கு முத்திர குத்திட்டு இருக்கேன்?”

தேசப்பன் சிரித்தான். மற்றவர்களும். செல்வக்கனி சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றார்.

கால் பிடித்துவிட்டது அப்பாவுக்கு. தட்டில் மிச்சம் வைத்தது அப்பா. அதற்குத்தான் அக்காவும் தம்பியும் சண்டை போட்டிருக்கிறார்கள். நைனா தட்டில் கடைசி உருண்டைக்கு நானும் என் தங்கையும் போட்ட சண்டைதான் அது.

“மார்க் போட்டவங்க விருப்பப்பட்டா பதில் சொல்லலாம்,” என்றார் டீச்சர். “கட்டாயம் இல்ல.”

கட்டாயம் இல்லை. யார் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பு கை தூக்கினால் அவர் ஜெயித்துவிடுவார். நான் வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் மறுபடி மார்க் போட்டுக் கொடுத்துவிடலாம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது. சர்ச் வளாகத்தில் யாரோ குடம் பிடித்தார்கள்.

எழுந்துவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள். பெஞ்ச் என்னோடு கொஞ்சம் எழுந்து, மறுமுனையில் இருந்த தேசப்பன் சாய்ந்தான்.

“நான்தாங்க,” என்றேன். “நான்தான் போட்டேன்.”

செல்வக்கனி திரும்பிப் பார்த்தார். தினமும் தபால் ஆபீஸ் ஜன்னலில் பார்த்த முகம்.

“எங்க பக்கம் ஐயான்னா… பெரிய மனுசங்கள சொல்றதுங்க. அப்பான்னு தெரியாதுங்க. தப்பாப் படிச்சிட்டேன். படிச்சிட்டு கோவம் வேற வந்துட்ச்சி. அதான் ரோஷம் கீஷம்னு…” அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். “உங்க ஐயாவ நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சிக்கோங்க.”

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. உட்கார்ந்துவிட்டேன்.

“பதினாலாம் நம்பருக்கு முறையீடு எதுவும் இருக்கா?” என்று டீச்சர் கேட்டார், யாரையும் பார்க்காமல். அவருக்குத்தான் எல்லா நம்பரும் தெரியுமே.

என்னிடம் மூன்று நிமிடத்துக்கு என்று ஒன்றுமே மிச்சமில்லை. தலையைக் குனிந்தபடி இருந்தேன். போகட்டும்.

அப்போது செல்வக்கனி, இன்னும் நின்றுகொண்டே, என்னைப் பார்த்துக் கேட்டார். கோபம் பாதி இறங்கியிருந்தது.

“அப்போ ஒங்க பக்கம் அப்பாவ எப்படித்தான் கூப்பிடுவீய, அண்ணாச்சி?”

நான் மளிகைக் கடைக்காரரைத் தவிர யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டதும் நிமிர்ந்துவிட்டேன்.

“நைனா,” என்றேன்.

செல்வக்கனியின் கை மெதுவாக மேலே போய் வாயைப் பொத்தியது.

“யம்மா,” என்றார். “அது நீங்களா?”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவர் தாள்களை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்றுவாராம். அவருடையது உனக்கு, உன்னுடையது அவருக்கு. அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னார்.

“நான் அத சினிமால காமெடி பண்ணுததுக்குத்தான் கேட்டுருக்கேன்,” என்று செல்வக்கனி கெஞ்சுகிற மாதிரி சொன்னார். “இன்னா நைனா, போ நைனான்னு. பெத்தவர எவனோ நக்கல் பண்ணி எழுதிருக்கான்னு நெனச்சி, வந்த ஆத்திரத்துல கண்ட எடமெல்லாம் வட்டம் போட்டேன்.”

“எம்மா, இங்க கீற பாதிப் பேரு வூட்ல நைனாதாம்மா,” என்றான் தேசப்பன். “எங்கூட்ல நைனா, எங்கக்கா வூட்டுக்காரு பாவா. இத்தெல்லாம் வட்டம் போட்டா ஊரே ஃபெயிலு!”

இந்த முறை செல்வக்கனியும் சிரித்தார். கை தூக்கச் சொல்வதற்குள் எல்லாக் கையும் எழுந்துவிட்டது.

டிக்

அங்கேயே, அந்தக் குள்ள பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்து, இரண்டு பேரும் மறுபடி மார்க் போட்டோம். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

ஒழுங்கும் மொழியும் பிழையும் அப்படியே இருக்க, நான் பொருளை மட்டும் திருத்தினேன். நான்கை அடித்துப் பதினெட்டு. மொத்தம் முப்பத்தாறு. ‘ரோஷம் இல்லையா’ என்ற வரியை மூன்று முறை அடித்தேன். அப்படியும் தெரிந்தது. சிவப்புப் பேனாவில் அந்தக் குணம் உண்டு.

அவருக்கு வேறு சிக்கல். “வட்டத்த என்ன செய்ய டீச்சர்? அழிக்கவும் முடியாது போலுக்கே.”

“காரணத்தைத் திருத்துங்க. வட்டம் இருக்கட்டும்,” என்றார் டீச்சர்.

செல்வக்கனி கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட ஆரம்பித்தார். அவசரமில்லாமல், தபாலுக்கு முத்திரை குத்துகிற ஒழுங்கில், கடைசி வரைக்கும்.

பொருள் பதினாறு. ஒழுங்கு ஆறு. மொழி ஆறு. பிழையின்மை ஏழு. முப்பத்தைந்து.

“கினு ஆறு எடத்துல வந்துருக்கு, மொதல்ல ஆத்திரத்துல அத கவனிக்கல. அது தப்புதான் அண்ணாச்சி, அத விட மாட்டேன்,” என்றார்.

“ஆங், அது தப்புதாங்க,” என்றேன்.

ஓரத்தில் இருந்த பழைய கேள்விக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘வெறுமே தடவினாலே போதும் என்ற இடத்தில் எங்க ஐயாவுக்குப் போன் போட வேண்டும் போல இருந்தது.’

ஆங்

நைனா இப்போது எங்களோடு திருத்தணியில்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கும். எழுத்து தெரியாது. எண்ணிக்கை மட்டும் தெரியும். மூட்டை எண்ணியவர், ஒன்று தப்பாது.

அன்று நான் வீட்டுக்குப் போகும்போது வெயில் சாய்ந்திருந்தது. ராணி வாசலிலேயே தாளைப் பிடுங்கிப் பார்த்து, “தேறிட்டியா!” என்று என் தோளில் ஒரு அடி போட்டாள். நைனா கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். வேர்க்குரு இடத்தில் மட்டும் “ஆங், ஆங்” என்றார்.

பிறகு தாளை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“இது இன்னாடா, செவப்பா?”

“அது எல்லாம் நைனான்னு நான் எழுதுன எடம் நைனா. மொதல்ல தப்புன்னு வட்டம் போட்டாங்க. அப்புறம் சரின்னு டிக் போட்டாங்க.”

“எப்டி சரியாச்சி?”

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். நான் எழுந்து பேசியதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன், நிறுத்தத் தெரியாமல், அந்த ஆபீஸ், அந்தச் சிவப்புத் தரை, மூன்று தடவை கேட்டது, நான் வாய் திறக்காமல் நின்றது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து.

நைனா தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வட்டமாக நகர்த்தினார். உதடு அசைந்தது. பக்கத்தைத் திருப்பினார். அதிலும் நகர்த்தினார்.

“இருவத்தி மூணு,” என்றார்.

“ஆங்.”

“இருவத்தி மூணு தபா கூப்ட்டுகீற.” சிரிப்பு வந்தது அவருக்கு. பல்லில்லாத சிரிப்பு. தோள் குலுங்கியது. “அடப்பாவி, அன்னிக்கி ஒரே ஒரு தபா கூப்ட்டிருந்தா வந்திருப்பனேடா! குழாயாண்டதானே இருந்தேன்.”

ராணி உள்ளே அடுப்படியில் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது.

“நைனா,” என்றேன், சும்மா.

“ஆங்,” என்றார்.